வீட்டில் கிடக்கும் தோட்டா: வைத்திருந்தால் வம்பு, நிரப்பினால் நாசம்

அப்பா காலமாகி இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். பாகப்பிரிவினை முடிந்திருக்கும். பட்டா மாறியிருக்கும். கேஸ் இணைப்பு, மின் இணைப்பு வரைக்கும் பெயர் மாற்றியிருப்பார்கள். பீரோவின் உள்ளறையில் துணி சுற்றிய ரிவால்வரும் ஒரு டப்பா தோட்டாவும் மட்டும் அவர் வைத்த இடத்திலேயே இருக்கும். கேட்டால், "லைசென்ஸ்தான் இருக்கே சார்" என்று பழைய புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். இருக்கிறது, இறந்தவர் பெயரில். அவர் போன அன்றே அந்த லைசென்ஸும் முடிந்துவிட்டது. சட்டத்தின் கணக்கில் அந்த வீட்டில் இப்போது இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி.

இது ஒரு வகை. இன்னொரு வகை விமான நிலையத்தில் மாட்டும். அப்பாவின் பழைய சூட்கேஸையோ ராணுவத்தில் இருந்த மாமாவின் தோள்பையையோ எடுத்துக்கொண்டு பையன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவான். ஸ்கேனர் திரையில், ஓரத்து ஜிப்புக்குள் ஒரு பித்தளைத் துண்டு தெரியும். விமானம் போய்விடும். பையன் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

மூன்றாவது வகையினர் தங்களை விவரமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறவர்கள். லைசென்ஸ் சரியாக இருக்கும். தோட்டா விலை ஏறிவிட்டது, கடையில் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை என்பது அவர்கள் குறை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, சுட்டுமுடித்த காலிக் கூட்டில் புது மருந்து நிரப்பும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "நாமும் செய்துகொள்ளலாமா?" என்று கேட்பார்கள். நான்காவது வகையினர் பயந்தவர்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் வீசிவிட்டு வருவார்கள், அல்லது பித்தளைதானே என்று பழைய இரும்புக் கடையில் போடுவார்கள்.

நான்கு பேருக்கும் சொல்வது ஒன்றுதான். நிரப்பாதீர்கள், ஒளிக்காதீர்கள், எறியாதீர்கள், எடுத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள், ரசீது வாங்குங்கள். இந்த இரண்டு வரியை இந்தக் கட்டுரையில் மறுபடியும் சொல்வேன். சொன்னாலும் கேட்காதவர்கள் அதிகம் என்பதால்.

சட்டம், சுருக்கமாக

ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டினுடையது. அதன் விதிகள் 2016-இல் புதிதாக வந்தன. 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். ஒருவர் அதிகபட்சம் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டுதான்.

பலருக்கும் தெரியாத விஷயம், தோட்டாவும் துப்பாக்கிக்குச் சமமாகவே சட்டத்தில் நிற்கிறது என்பது. ரிவால்வரை மட்டும் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ஒரு டப்பா தோட்டாவைப் பரணில் மறந்துவிட்டால், கொடுத்ததாகக் கணக்கில்லை. தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் கருவிகளும்கூடச் சட்டத்தில் தோட்டா என்ற வரையறைக்குள் வருகின்றன. சிறு பாகங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதவரைக்கும்தான் அந்த விலக்கு. அலங்காரத்துக்கு வைத்த ஒரு காலிக் கூடும், நிரப்பும் அச்சு, அடியில் பொருத்தும் கேப்பு, மருந்தோடு மேசையில் அடுக்கிய ஐம்பது காலிக் கூடுகளும் ஒன்றல்ல.

உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்காமல் விட்டாலும் அதே தண்டனைதான். உரிமமில்லாமல் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் பொட்டு வைத்து, அப்பாவின் ரிவால்வரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தயாரித்துத் தருகிறார்கள்.

நிரப்பும் ஆசை

வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, தயாரிக்கும் லைசென்ஸ் வேறு. முதலாவது சட்டத்தின் 3-ஆம் பிரிவில் வருகிறது, இரண்டாவது 5-ஆம் பிரிவில். உங்கள் புத்தகத்தில் இருப்பது முதலாவது. அதில் ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதில் பதிந்து தருவார். வீட்டில் நிரப்பிய தோட்டாவை எந்தப் பக்கத்தில் பதிவீர்கள்? அமெரிக்காவில் தன் சொந்த உபயோகத்துக்கு நிரப்புகிறவருக்கு அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அவர் மருந்தையும் கேப்பையும் கடையில் வாங்குகிறார், எடை அட்டவணை அச்சிட்ட கையேட்டைப் பார்த்து நிரப்புகிறார். இங்கே அந்தக் கடையும் இல்லை, அந்தச் சட்டமும் இல்லை.

சட்டத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். ரிவால்வர் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மருந்து பெரும்பாலும் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும், மீதி வெற்றிடம். கவனக்குறைவாக இரண்டு தடவை கொட்டிவிட்டாலும் மேலே குண்டை வைத்து அழுத்திவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சுடும்போது சிலிண்டரின் அறை கிழியும். துண்டு பறப்பது சுடுகிறவர் முகத்தையும் பக்கத்தில் நிற்பவரையும் நோக்கி. மருந்தே விழாமல் போனால் அது இன்னொரு ஆபத்து. கேப்பின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். வழக்கமான சத்தத்துக்குப் பதில் ஒரு சின்ன 'டப்' மட்டும் கேட்கும். தோட்டா சரியில்லை போலிருக்கிறது என்று அடுத்ததை அழுத்தினால், அடைபட்ட குழலுக்குள் இரண்டாவது குண்டு பாயும். குழல் வீங்கும், அல்லது பிளக்கும். அளவு தெரிந்து, தராசு வைத்து நிரப்புகிறவர்களுக்கே நேர்கிற விபத்துகள் இவை. பட்டாசு மருந்தைப் பிரித்துக் கொட்டலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அது எரிந்து தள்ளும் மருந்தல்ல, வெடித்துச் சிதறும் மருந்து. வேண்டாம். எந்த மருந்தும் வேண்டாம்.

பழைய தோட்டாவில் பச்சை பூத்திருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிப் பார்க்கிறேன் என்று குறடு எடுக்காதீர்கள். அடியிலிருக்கும் கேப்பு அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஏரியில் போட்டால் கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன் பிடிக்கும் பிள்ளைகள் கையில் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் போட்டால் உருக்குகிற உலையில் வெடிக்கும்.

ஒப்படைப்பது எப்படி

இதுதான் இந்தக் கட்டுரை எழுதியதன் நோக்கம். நிதானமாகப் படியுங்கள்.

சட்டத்தின் 21-ஆம் பிரிவு உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ் காலாவதியானாலும், ரத்தானாலும், வேறு எந்தக் காரணத்தால் வைத்திருப்பது சட்டப்படி இல்லாமல் போனாலும், "தேவையற்ற தாமதமின்றி" அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ராணுவத்தில் இருப்பவர் தன் பிரிவின் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு செய்ய வேண்டிய வேலை இது. வருடாந்திரத் திதி வரைக்கும் தள்ளுவது தேவையற்ற தாமதம் அல்லாமல் வேறென்ன?

முதலில், துப்பாக்கியைத் தொட வேண்டாம். கையாளத் தெரியாதவர் சிலிண்டரைத் திறந்து பார்க்கக் கூடாது. குண்டு ஏற்றியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பீரோவைப் பூட்டி, சாவியை ஒரே ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். ஸ்டேஷனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். மறுத்தால், தெரிந்த வியாபாரியை வீட்டுக்கே அழைத்து, குண்டை அகற்றித் தரச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ளவர் உயிரோடிருந்து எழுதிக் கொடுத்தால் பழுது பார்க்கவோ புதுப்பிக்கவோ வேறொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது. இறந்தவர் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. அதனால் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கிளம்பாதீர்கள்.

இரண்டாவது, கடிதம். ஒன்றுக்கு மூன்று நகல். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"என் தகப்பனார் ... அவர்கள் ... தேதியில் காலமானார். ... எண் உரிமத்தின்படி அவர் வைத்திருந்த ... ரிவால்வர் (வரிசை எண் ...), சுடப்படாத தோட்டா ..., காலிக் கூடு ... ஆகியவற்றை ஆயுதச் சட்டம் பிரிவு 21(1)-இன்படி இன்று ஒப்படைக்கிறேன். வாரிசு உரிமம் பெற்றுத் திரும்பப் பெறவும், உரியவருக்கு விற்கவும் பிரிவு 21(2) தரும் உரிமையை வைத்துக்கொள்கிறேன். ஒப்புகைச் சீட்டு வழங்கக் கோருகிறேன்."

கூடவே அசல் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் ஆதார் நகல். அசலைக் கொடுப்பதற்கு முன் லைசென்ஸின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரசீது. இதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். "ரைட்டர் நல்லா தெரிஞ்சவர், வாங்கி வச்சுக்கிட்டார்" என்பது ரசீது அல்ல. சீட்டில் இவ்வளவும் இருக்க வேண்டும்: தயாரிப்பு, போர் (குழலின் உள்விட்ட அளவு), வரிசை எண், லைசென்ஸ் எண், பதினெட்டோ இருபதோ தோட்டாவின் எண்ணிக்கை எழுத்தாலும் எண்ணாலும், வாங்கியவர் பெயர், பதவி, கையெழுத்து, முத்திரை, தேதி, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்த எண். லைசென்ஸில் இருபது வாங்கியதாகப் பதிந்து, நீங்கள் பதினெட்டுதான் கொடுத்தால், மீதி இரண்டு கிடைக்கவில்லை என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னாளில் யாராவது கேட்கும்போது உங்களைக் காப்பது இந்த ஒரு வரிதான்.

வியாபாரியிடம் கொடுத்தாலும் இதே விவரங்களோடு சீட்டு வாங்குங்கள். அவர் பாதுகாப்பு வாடகை கேட்பார். பெரிய தொகையா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த துப்பாக்கியைத் தேர்தல் முடிந்தும் வாங்காமல், வைத்தவரும் இறந்துபோன குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் அந்தப் பழைய சீட்டுதான் கதி. தேடி எடுங்கள்.

வாங்க மறுத்தால்

"இப்போ மால்கானாவில் (ஸ்டேஷனின் பொருள் வைப்பறையில்) இடமில்லை", "கலெக்டர் ஆபீஸில் ஆர்டர் வாங்கிட்டு வாங்க", "இன்ஸ்பெக்டர் இல்லை, திங்கட்கிழமை வாங்க." இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் காதில் விழும். ஒப்படைக்க வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற அதிகாரி, ஒரு துப்பாக்கியைக் கணக்கில்லாமல் ஊருக்குள் விடுகிறார் என்பதை உணர்வதே இல்லை. நாளைக்கு அதே வீட்டில் திருட்டுப் போனால் வழக்கு வருவது வீட்டுக்காரர் மேல்தான்.

வாக்குவாதம் வேண்டாம். அதே கடிதத்தின் நகலை, "இன்று ஒப்படைக்க வந்தேன், பெற மறுக்கப்பட்டது" என்ற ஒரு வரி சேர்த்து, அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் மூன்று பேருக்கு அனுப்புங்கள்: நிலைய ஆய்வாளர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், லைசென்ஸ் வழங்கும் அதிகாரி. மாவட்டங்களில் லைசென்ஸ் அதிகாரி ஆட்சியர், சென்னையில் மாநகரக் காவல் ஆணையர். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் நேரில் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-இலும் பதியலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில், "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். தாமதம் உங்களுடையதல்ல என்று காட்டும் காகிதம் கையில் இருப்பதுதான் முக்கியம்.

ஒப்படைத்த பிறகு மூன்று வழி

ஒன்று, வாரிசு பெயரில் லைசென்ஸ். 2016 விதிகளின் 25-ஆம் விதி இதற்கு இடம் தருகிறது. வாரிசுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், இறப்புச் சான்றிதழ், ஒப்படைத்த ரசீது, அடையாள, முகவரிச் சான்றுகள், உடல் மன நலத்துக்கு மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். அக்காவிடமும் தங்கையிடமும் கையெழுத்து வாங்காமல் "நான்தான் மூத்த மகன்" என்று போய் நிற்பவர்களின் கோப்பு அங்கேயே படுத்துவிடும். நீங்கள் வேறு மாவட்டத்தில் குடியிருந்தால், நீங்கள் வசிக்கும் இடத்து அதிகாரியிடம்தான் விண்ணப்பம். வாரிசு என்பதற்காக லைசென்ஸ் தானாக வந்துவிடாது. போலீஸ் அறிக்கை கேட்பார்கள். அது உரிய காலத்தில் வராவிட்டால் காத்திராமல் ஆணையிட லைசென்ஸ் அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதை மனுவில் நினைவூட்டுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஆணை கைக்கு வந்ததும் முதல் வேலையாக வழக்கறிஞரைப் பாருங்கள், கெடு குறுகியது.

இரண்டு, விற்பது. வியாபாரியிடம் விற்பது சுலபம். இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற வேண்டும். தம்பி மகனுக்குத்தானே என்று எடுத்துக் கொடுத்தாலும் இந்த 45 நாள் பொருந்தும்.

மூன்று, அரசிடமே விட்டுவிடுவது. விதித்த காலத்துக்குள் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விட்டால் அது அரசுடைமையாகும். அதற்கு முன் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். துப்பாக்கி வேண்டாம் என்கிற குடும்பத்துக்கு இது மரியாதையான வழிதான்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா ராணுவத்தில் இருந்து கொண்டுவந்த வெப்லி ரிவால்வர் என்றால் அதன் போரைப் பாருங்கள். .380, .455 தோட்டா போடும் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகை. அதற்கு உரிமம் தருவது ஆட்சியர் அல்ல, மத்திய உள்துறை அமைச்சகம். கான்பூரில் செய்த .32 ரிவால்வருக்கு எழுதிய மனுவையே இதற்கும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

விமான நிலையத்தில் மாட்டியவர்களுக்கு

தெரியாமல் பையில் கிடந்தது என்பது வாதமாக நிற்கும். வைத்திருப்பது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. உரிமமில்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர, மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும். ஆனால் இதெல்லாம் கைதான பிறகு, விசா போன பிறகு, வழக்கறிஞர் கட்டணம் கட்டிய பிறகு. முதல் வாக்குமூலத்தில் பதற்றத்தில் கதை கட்டாதீர்கள். பை யாருடையது, அவருக்கு லைசென்ஸ் இருந்ததா, அந்த லைசென்ஸ் எங்கே என்று உண்மையைச் சொல்லி, லைசென்ஸ் நகலை உடனே வரவழையுங்கள். இறந்தவர் பையை எடுக்கும் முன் எல்லா ஜிப்பையும் திறந்து, உட்துணியைத் தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

உயிரோடிருக்கும் லைசென்ஸ்தாரர்களுக்கு

இந்த வேலையில் பாதியை நீங்களே குறைக்கலாம். எழுபது வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி வாங்கி 25 வருடம் ஆகிவிட்டாலோ, நீங்கள் இருக்கும்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அவர் பெயரில் உரிமம் கேட்க 25-ஆம் விதி இடம் தருகிறது. லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். உங்கள் லைசென்ஸில் தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத லைசென்ஸ் செல்லாது. எத்தனை தோட்டா வாங்கினீர்கள், எத்தனை சுட்டீர்கள், எத்தனை மிச்சம் என்று ஒரு காகிதத்தில் எழுதி லைசென்ஸ் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். நிரப்பாதீர்கள், ஒளிக்காதீர்கள், எறியாதீர்கள், எடுத்துக்கொண்டு சுற்றாதீர்கள். கடிதம் எழுத அரைமணி நேரம், ஸ்டேஷனில் காத்திருக்க அரைநாள். வழக்கென்று வந்தால் நீதிமன்ற வாசலில் நிற்பது வருடக்கணக்கு. எது சுலபம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்ததை இந்த வாரத்துக்குள் செய்யுங்கள்.